பூனைக்கு வட்டம், நாய்க்கு அரிப்பு, மகள் கையில் படர்தாமரை: பூனையை விட்டுவிட வேண்டுமா?

புளியரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் புனலூர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பெர்சியன் பூனைக்குட்டி வாங்கி வந்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் அதன் காது ஓரத்திலும் முன்னங்காலிலும் வட்டமாக முடி உதிர்ந்திருக்கிறது. அப்புறம் ஆறு வயது மகளின் முழங்கையில் சிவப்பு வளையம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாட்டு நாய்க்கு அக்குளிலும் காதிலும் தீராத அரிப்பு, கூடவே ஒரு புளித்த நாற்றம். மெடிக்கலில் வாங்கிய ஒரே ட்யூபை மூன்று பேருக்கும் தடவிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசச் சொல்கிறார்கள். எந்த மருந்து நல்லது என்பதுதான் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில் "மாமியார் பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார், பிள்ளை அழுகிறாள்" என்று இருக்கிறதே, நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். விட வேண்டாம். இது உயிரை வாங்குகிற நோயும் இல்லை, தீராத நோயும் இல்லை. பூனையை இன்றைக்கு வெளியே விட்டாலும் அதன் முடி உங்கள் பாயிலும் திரைச்சீலையிலும் இருக்கத்தான் போகிறது, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெர்சியன் குட்டி தெருவில் ஒரு வாரம் தாங்காது, தாங்குகிற வரைக்கும் போகிற இடமெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டு போகும்.

நான் கால்நடை மருத்துவர். மாட்டாஸ்பத்திரி வேலையில் பல வருடம், அதற்குப் பிறகு செங்கோட்டையில் சொந்தமாக, எல்லாம் சேர்த்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல். நீங்கள் போட்டிருக்கும் படங்களையும் எழுதியதையும் வைத்துத்தான் பேசுகிறேன், தோலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குட்டிக்கு இருப்பது படர்தாமரை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். நாய்க்கு இருப்பது அதே நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளுக்கு அது பூனையிடமிருந்துதான் வந்தது என்பதையும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்ற அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மலை தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இதை வட்டச்சொறி என்பார்கள், புழுக்கடி என்றும் சொல்வார்கள். ஆங்கிலப் பெயரிலும் புழு இருக்கிறது. புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம்மிடம் புழுவெட்டு என்று ஒரு பெயர் இருக்கிறது, அது மனிதருக்குத் தலையிலும் தாடியிலும் காசளவு முடி கொட்டுகிற வேறொரு கோளாறு, தொற்றாது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் குடல்புழு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. முடி, நகம், தோலின் மேலேயுள்ள செத்த அடுக்கு, இவை மூன்றிலும் இருக்கும் கெரட்டின் என்கிற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. வளர்கிற முடிக்குள் புகுந்து அதை உளுத்துப்போக வைக்கிறது, அந்த முடி தோலோடு ஒட்டி ஒடிகிறது. வட்டம் என்று நீங்கள் பார்ப்பது அப்படி ஒடிந்த இடம். பூனைகளில் பெரும்பாலும் வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்கிற பூஞ்சை. கேனிஸ் என்றால் நாயினுடையது என்று அர்த்தம், ஆனாலும் அதற்குப் பிடித்த வீடு பூனைதான். நாய்களுக்கு அதுவும் வரும், மண்ணைத் தோண்டுகிற நாய்க்கு மண்ணில் வாழ்கிற நானிசியா ஜிப்சியா மூக்கிலும் காலிலும் வரும், எலி பிடிக்கிற நாய் பூனைக்கு எலியிடமிருந்து ட்ரைக்கோஃபைட்டான் என்கிற இன்னொரு பூஞ்சை வரும்.

பெர்சியனுக்கு இது மற்றப் பூனைகளைவிட எளிதாகத் தொற்றும், போவதற்கும் நாளாகும். நீண்ட அடர்ந்த முடி, நக்கிச் சுத்தம் செய்ய முடியாத அளவுக்கு முடி, இதெல்லாம் சேர்ந்து. குட்டி வாங்கிய வீட்டில் தாய்ப்பூனை பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருந்திருக்கும். உடம்பில் ஒரு தழும்புகூட இல்லாமல் முடியில் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்துகொண்டு திரிகிற பூனைகள் உண்டு. தொற்றியதிலிருந்து வட்டம் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், உங்கள் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வேண்டுமென்றே ஏமாற்றி விற்றார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அங்கே மற்றக் குட்டிகளுக்கும் இருக்கும்.

இனி நாய். ஒரே வீட்டில் இரண்டு பிராணிக்குச் சொறி வந்தால் ஒரே நோய் என்று நினைப்பது இயல்பு, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் படர்தாமரைக்குப் பெரிய அரிப்பு கிடையாது. உங்கள் குட்டி சொறிவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நாயோ ராத்திரி தூங்கவிடாமல் சொறிகிறது. அக்குள், தொடையிடுக்கு, காது, விரலிடுக்கு, பிசுபிசுப்பு, புளித்த நாற்றம், காதுக்குள் காப்பிப் பொடி நிற அழுக்கு, தோல் கறுத்துத் தடித்து யானைத்தோல் மாதிரி ஆவது. இவ்வளவும் சேர்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மலசீசியா என்கிற இன்னொரு பூஞ்சை. இது வெளியிலிருந்து வந்து ஒட்டுவது இல்லை, எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஒவ்வாமையோ உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ காதில் தண்ணீர் தேங்குவதோ ஏதாவது ஒன்று தோலைக் கெடுக்கும்போது பல மடங்கு பெருகிவிடும். சாரல் தொடங்கி ஆவணி வரைக்கும் என்னிடம் வருகிற நாய்களில் பாதிக்கு இந்த நாற்றம் இருக்கும். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நாய் முழுசாகக் காய்கிற மாதங்களே குறைவு. இந்த நோய்க்குப் பரிசோதனை சுலபம். ஒட்டுகிற டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, நீலச்சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன நிலக்கடலை மாதிரி கூட்டமாகத் தெரியும். பத்து நிமிட வேலை. இது பூனைக்கோ பிள்ளைக்கோ ஒட்டுமே என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் நாய் விஷயத்தில் நான் தோற்ற ஒரு கதையைச் சொல்ல வேண்டும், இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கே அது ஒரு காரணம். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ராஜபாளையம் நாயைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் தோல், வயிற்றிலும் விலாவிலும் வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரமெல்லாம் செதில் உரிந்து, பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் பூஞ்சை மருந்து கொடுத்தேன். வட்டங்கள் பெருகின. கடைசியில் ஒரு மூத்த மருத்துவர் அந்த ஓரச் செதிலை லேசாகத் தூக்கி, அடியில் இருந்த ஈரத்தைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி எடுத்துக் காட்டினார். உள்ளே முழுக்க பாக்டீரியா. சீழ்க்கொப்புளம் உடைந்து அதன் விளிம்பு மட்டும் வளையமாக நிற்பதை நான் பூஞ்சை என்று நினைத்திருந்தேன். நாயின் உடம்பில் தெரிகிற வட்டங்களில் படர்தாமரையைவிட இதுதான் அதிகம் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த நாயின் சொந்தக்காரர் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை என் பேச்சைக் கேட்டு மருந்துக்குச் செலவழித்திருந்தார். அதனால் உங்கள் நாய்க்கு யாராவது தொடாமலே, ஒரு சுரண்டலோ டேப்போ எடுக்காமலே பூஞ்சை என்று சொன்னால் தயவுசெய்து பரிசோதனை கேளுங்கள். முடி உதிர்வுக்கு டெமோடெக்ஸ் என்கிற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியும் காரணமாக இருக்கும், அதற்குத் தோலைக் கொஞ்சம் அழுத்திச் சுரண்டிப் பார்க்க வேண்டும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சொறி உண்டாக்குகிற இன்னொரு சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும், அது வீட்டு மனிதர்களையும் சொறியவைக்கும்.

பூனைக்கு எப்படி உறுதி செய்வது என்றால் இரண்டு வழி. முதலாவது வுட்ஸ் விளக்கு, 1903-ல் ராபர்ட் வுட் என்கிற இயற்பியலாளர் செய்தது, புற ஊதா ஒளி. நான் அறையை முழுசாக இருட்டாக்கி, கண் பழகக் கொஞ்ச நேரம் நின்று, குட்டியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு முகத்திலிருந்து தொடங்குவேன். தூசியும் பஞ்சும் வெள்ளை நீலமாக மின்னும், களிம்பு தடவியிருந்தால் அதுவும் மின்னும், செதில்கூட மங்கலாகத் தெரியும். அதையெல்லாம் தள்ளிவிட வேண்டும். பார்க்க வேண்டியது முடித்தண்டை மட்டும். ஒடிந்த முடியின் அடிப்பகுதி ஒரு நூலளவு இளம்பச்சையாக, பிஞ்சு இலை மாதிரி ஒளிர்ந்தால் மைக்ரோஸ்போரம் கேனிஸ். அந்த முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தால் சுற்றிலும் வித்துகள் ஒட்டியிருக்கும். ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, மற்ற வகைப் பூஞ்சைகள் ஒளிர்வதில்லை. ரூபாய் நோட்டு பார்க்கிற சின்ன ஊதா டார்ச்சை வைத்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், பெரும்பாலானவற்றின் ஒளி அலைநீளம் இதற்குச் சரியானது இல்லை, ஏமாந்துபோவீர்கள்.

இரண்டாவது வழி, பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. பிரிக்காத புதுப் பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, உடம்பு முழுக்க, கடைசியாக வட்டத்தின் மேல், இரண்டு மூன்று நிமிடம் சீவ வேண்டும். முடி நிறைந்த அந்தப் பிரஷ்ஷின் குச்சங்களை, பூஞ்சையை வளர்க்கிற மஞ்சள் நிற ஊடகத்தின் மேல் மெதுவாகக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். படர்தாமரைப் பூஞ்சை வெள்ளைப் பஞ்சாக முளைக்கும்போதே அதைச் சுற்றி மஞ்சள் சிவப்பாகும். பச்சையாகவோ கறுப்பாகவோ வளர்ந்து பல நாள் கழித்து சிவந்தால் அது காற்றில் வந்த சாதாரணப் பூஞ்சை. முடிவு சொல்ல இரண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். எங்கள் ஊரில் இந்த வசதி எல்லாரிடமும் கிடையாது, திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். நாயையும் ஒரு பிரஷ் போட்டுச் சீவிக் கொண்டுபோங்கள். அதற்கு மலசீசியா இருந்தாலும் பூனையிடமிருந்து இதையும் முடியில் சுமந்துகொண்டிருக்கலாம்.

சரி, அந்த ட்யூப். பெட்டியில் குளோபெட்டசால் என்று இருப்பது படத்தில் தெரிகிறது. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், அதோடு வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் சேர்ந்த களிம்பு. தடவிய இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஸ்டீராய்டு செய்கிற வேலை அது. தோலின் எதிர்ப்பும் கூடவே அடங்கிவிடுவதால் பூஞ்சை கீழே நிம்மதியாகப் பரவும், நிறுத்தியவுடன் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும், வட்டமும் தன் வடிவத்தை இழந்து மருத்துவரையே குழப்பும். பூனை அதை முழுக்க நக்கியும் விடும். மூன்று பேருக்கும் இன்றே நிறுத்துங்கள்.

கந்தகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இலையில் சாம்பல் நோய் வராமல் தூவுகிற கந்தகப் பொடியைக் கொண்டுவந்து நாய்க்குப் பூசுவதை நெடுநாளாகப் பார்க்கிறேன். இந்த வைத்தியத்தில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. சுண்ணாம்பையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சிய கரைசல் பூனைப் படர்தாமரைக்கு உலகம் முழுக்க நல்ல பெயர் வாங்கிய மருந்து. ஆனால் அது அளந்து தயாரித்து, நீர்த்து, உடம்பு முழுக்க நனைக்கிற கரைசல். தோட்டத்துப் பொடியை எண்ணெயில் குழைத்து வட்டத்தில் மட்டும் அப்புவது வேறு. தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள் போகும், வட்டத்தைத் தவிர மற்ற இடத்து முடியில் இருக்கிற வித்து அப்படியே இருக்கும். துருசு, எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், ஃபீனால், டெட்டால், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் பூனை மேல் படக் கூடாது. இவற்றில் பலவற்றை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, நாய் தாங்குவதைப் பூனை தாங்காது. நாய்க்குப் போடுகிற பெர்மெத்ரின் உண்ணிப் பவுடரும் அப்படித்தான், அதனால் செத்த பூனைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன்.

முறையான வைத்தியம் மூன்று கால்களில் நிற்கிறது: உள்ளுக்கு மாத்திரை, முடிக்குக் குளியல், வீட்டுக்குச் சுத்தம். பூனைக்கு உள்ளுக்கு இட்ராகோனசோல்தான் என் முதல் தேர்வு. கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு, அப்படி மூன்று சுற்று என்பது பரவலான முறை. குட்டியை எடை போட்டு, பசியையும் கல்லீரலையும் பார்த்து உங்கள் மருத்துவர் தீர்மானிக்கட்டும், கேப்சூலை நீங்களாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். டெர்பினாஃபின் இன்னொரு நல்ல மருந்து. வாரம் ஒன்று என்று கடையில் கொடுக்கிற ஃபுளுகோனசோல் இந்தப் பூஞ்சைக்குப் போதாது. கீட்டோகோனசோல் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது. மாட்டுக்கு வாங்கி வைத்த கிரிசியோஃபல்வின் வீட்டில் கிடந்தால் அதைப் பூனைக்குத் தராதீர்கள், எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், சினைப்பூனைக்குக் கொடுத்தால் குட்டிகள் ஊனமாகப் பிறக்கும்.

குளியலுக்கு குளோர்ஹெக்சிடின் 2 சதவீதமும் மைக்கோனசோல் 2 சதவீதமும் சேர்ந்த ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, நுரையோடு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து வையுங்கள், எல்லாரும் இரண்டு நிமிடத்தில் கழுவிவிடுகிறார்கள். உள்ளே கொடுக்கிற மாத்திரை புதிதாக முளைக்கிற முடியைக் காக்கும், ஏற்கெனவே வித்து ஒட்டிய முடியைச் சுத்தம் செய்வது இந்தக் குளியல்தான். அதே ஷாம்பூ உங்கள் நாயின் மலசீசியாவுக்கும் பொருந்தும் என்பது ஒரு வசதி. சாரலில் காய வைப்பதுதான் சிரமம். வெளித் திண்ணையில் குளிப்பாட்டாமல் உள்ளேயே வெந்நீரில் குளிப்பாட்டி, இரண்டு துண்டால் ஒற்றி, ஹேர் டிரையரைச் சூடு குறைத்து வைத்துக் காயவிடுங்கள். முடியை முழுசாக மழிக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை, மழிக்கும்போது தோலில் கீறல் விழுந்து நோய் பரவும். பெர்சியனில் சிக்குப் பிடித்த இடத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கி, அந்த முடியைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

வீட்டைப் பற்றிப் பயமுறுத்தும் ஒரு தகவல் நீங்களும் படித்திருப்பீர்கள், வித்து ஒன்றரை வருடம் உயிரோடு இருக்கும் என்று. உலர்ந்த முடியில் அப்படி இருக்கும், உண்மை. ஆனால் அது வீட்டில் கிடந்து தானாகப் பெருகாது, சுவரில் வளர்கிற ஈரப்பூஞ்சை வேறு. முடியையும் செதிலையும் அப்புறப்படுத்தினாலே பெரும் பகுதி முடிந்தது. உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் காற்றில் பறக்கும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர். அதற்கும் மேல் வேண்டுமென்றால் துணிக்கு ஊற்றுகிற ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். தரை காய்கிற வரைக்கும் பூனை அந்தப் பக்கம் வரக் கூடாது. துணிகளுக்கு நல்ல அலசலாக இரண்டு தடவை சாதாரண சோப்பே போதும். குட்டியை ஒரே ஓர் அறையில், துடைக்க எளிதான அறையில் வையுங்கள். ஆனால் இருட்டுக் கூண்டில் மாதக்கணக்கில் அடைத்துவிடாதீர்கள். மனிதரோடு பழகக் கற்றுக்கொள்கிற வயது அது, தினமும் இரண்டு மூன்று முறை உள்ளே போய் அதோடு உட்காருங்கள். அதற்கென்று ஒரு பழைய சட்டையை அந்த அறைக் கதவிலேயே மாட்டி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் கழற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த இடத்தில் நான் வைத்தியம் சொல்லக் கூடாது. போகும்போது வீட்டில் பூனைக்குப் படர்தாமரை இருப்பதைச் சொல்லுங்கள். தலையில் செதிலோ முடி ஒடிந்த இடமோ இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது. இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது தொடையிடுக்கிலோ இடுப்பிலோ போய்ப் போய் வருகிற படர்தாமரை இருக்கிறதா? நம் நாட்டில் கொஞ்ச வருடமாக மருந்துக்கு அடங்காத ஒரு வகை பெரிய அளவில் பரவி, 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப்பெயரே பெற்றுவிட்டது. அது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு, துண்டிலும் துணியிலும் வருவது. மகளுக்கு வந்தது அதுவாக இருந்து, பழியைப் பூனை சுமந்துகொண்டிருக்கவும் கூடும். முழங்கையில் ஒரே ஒரு வளையம், குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்கிற இடம், அதனால் பூனைதான் என்று நினைக்கிறேன். ஆனால் சுரண்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒரு இரண்டு மாதம் குட்டியைத் தூக்காமல் இருப்பது நல்லது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைச் சண்டையாக்காதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? ஆரோக்கியமான பூனைக்கு வைத்தியமே செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் தானாகவே போய்விடும். அந்த மூன்று மாதத்தில் வீட்டில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போகும் என்பதால்தான் வைத்தியம். மருந்து தொடங்கினால் ஆறிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெர்சியனுக்குக் கூடவும் ஆகலாம். மூன்றாவது நான்காவது வாரம் வட்டத்தில் மெல்லிய முடி முளைத்து, பார்க்க அழகாக ஆகிவிடும். என்னிடம் திரும்பி வருகிற பூனைகளில் பல, அந்த வாரத்தோடு மருந்தை நிறுத்திய வீட்டுப் பூனைகள். தோல் ஆறிய பிறகும் முடியில் வித்து இருக்கும், அதனால் இன்னொரு பிரஷ் எடுத்து வளர்த்துப் பார்த்து, எதுவும் முளைக்கவில்லை என்று தெரிந்த பிறகு நிறுத்துங்கள். நடுவில் குட்டி சாப்பிடாமல் இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கின் மேலோ காலிலோ ஆறாத புண்ணாக, கட்டியாக ஏதாவது வந்தால் அது இந்தச் சாதாரணப் படர்தாமரையாக இருக்காது, ஆழமாகப் போகிற பூஞ்சை நோய்களும் உண்டு, கையுறை போட்டுக்கொண்டு தூக்கிப் போங்கள். நாயின் அரிப்புக்கு ஷாம்பூ மூன்று வாரம் போட்டும் அடங்கவில்லை என்றால் அடியில் இருக்கிற ஒவ்வாமையைத் தேட வேண்டும், அது தனிக் கதை. டேப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி மேலே சொல்கிறேன்.